வைப்பர் தண்ணீர்: சிங்கப்பூர்க் கார்களுக்கு எதை ஊற்றுவது?

கார் வாங்கும்போது சிஓஇ என்னும் வாகன உரிமைச் சான்றிதழ் எவ்வளவு, கடன் எத்தனை ஆண்டு என்று வெள்ளி வெள்ளியாகக் கணக்குப் பார்க்கிறோம். முன்கண்ணாடியில் பீய்ச்சும் தண்ணீருக்கு மட்டும் அந்தக் கவனம் கிடையாது. கடையில் கைக்கு எட்டிய நீல பாட்டில், இல்லாவிட்டால் குழாய்த் தண்ணீர். இதைப் பற்றி நண்பர்களும் உறவினர்களும் மாறி மாறிக் கேட்கும் கேள்விகளையும் அவற்றுக்கான பதில்களையும் கீழே தொகுத்திருக்கிறேன்.

சுருக்கமாகச் சொல்லுங்கள், எதை வாங்குவது?

கோடைக்கால வகை என்றோ எல்லாப் பருவத்துக்கும் ஏற்றது என்றோ விற்கப்படும், சோப்பு சார்ந்த சாதாரணத் திரவம் போதும். பூச்சிக் கறையை நீக்கும் என்று போட்டிருந்தால் இன்னும் நல்லது. உறைநிலை எண்ணைப் பெரிய எழுத்தில் அச்சிட்டிருக்கும் பாட்டில் வேண்டாம். மழைநீரை உருண்டோட வைக்கும் வகை, அதைத் தொடர்ந்து பராமரிக்க மனமுள்ளவர்களுக்கு மட்டும்.

வெறும் குழாய்த் தண்ணீர் போதாதா? எங்கள் அப்பா காலமெல்லாம் அதைத்தான் ஊற்றினார்.

தூசி மட்டும் என்றால் தண்ணீரே போதும். ஆனால் நம் சாலைகளில் கண்ணாடியில் படிவது வெறும் தூசி அல்ல. லாரிப் புகையின் கரி, டயர்த் துகள், தார், எண்ணெய்ப் பிசுக்கு எல்லாம் சேர்ந்தது. அதைத் தண்ணீரால் மட்டும் துடைப்பது, எண்ணெய்ச் சட்டியைச் சோப்பில்லாமல் அலசுவது மாதிரி. அழுக்கு போகாது, பரவும்.

இரண்டாவது காரணம் கொஞ்சம் தீவிரமானது. லீஜனெல்லா என்று ஒரு பாக்டீரியா இருக்கிறது. கடுமையான நிமோனியாவை உண்டாக்கக்கூடியது. தேங்கிய, வெதுவெதுப்பான நீரில், சுமார் 20 முதல் 45 டிகிரி செல்சியஸ் வரை நன்றாக வளரும். பானெட்டுக்குக் கீழே இருக்கும் பிளாஸ்டிக் தொட்டி நம் ஊரில் ஆண்டு முழுவதும் இந்த வெப்பத்தில்தான் கிடக்கிறது. அந்த நீரை நுண்துளிகளாகத் தெளித்தால், முகத்துக்கு நேரே இருக்கும் காற்றுத்துளை வழியாக அது உள்ளே வரலாம்.

இங்கிலாந்தின் அன்றைய சுகாதாரப் பாதுகாப்பு அமைப்பு 2010-ல் வெளியிட்ட ஆய்வு ஒன்று, தொட்டியில் வெறும் தண்ணீர் வைத்திருந்தவர்களுக்கு இந்த நோய் வரும் வாய்ப்பு கூடுதல் என்று கண்டது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் தொகுப்பாகப் பரவாமல் தனித்தனியாக வரும் நோயாளிகளில் ஏறத்தாழ 20 விழுக்காட்டினருக்கு இது காரணமாக இருக்கலாம் என்றும் கணக்கிட்டது. பிறகு 2014-ல் அமெரிக்காவின் அரிசோனா மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், பள்ளிப் பேருந்துகளின் வாஷர் தொட்டிகளில் இதே கிருமியைக் கண்டதாக அறிவித்தார்கள்.

இதைப் படித்துவிட்டுப் பதற வேண்டாம். இவை ஒரு தொடர்பைக் காட்டும் ஆய்வுகள்; உங்கள் தொட்டியில் கிருமி இருக்கிறது என்பதற்கான சான்று அல்ல. ஆனால் தீர்வு சில வெள்ளியில் முடியும்போது அதைச் செய்யாமல் இருக்க ஒரு காரணமும் எனக்குத் தெரியவில்லை. முதியவர்களையும் நுரையீரல் நோய் உள்ளவர்களையும் ஏற்றிச் செல்பவர்கள் வெறும் தண்ணீரை இன்றே நிறுத்திவிடலாம்.

மைனஸ் 20 டிகிரி வரை உறையாது என்று போட்ட பாட்டில் மலிவாகக் கிடைத்தது. ஊற்றலாமா?

கார் கெட்டுப்போகாது. ஆனால் உங்களுக்குத் தேவையில்லாத பொருளுக்குக் காசு கொடுக்கிறீர்கள். சிங்கப்பூரில் வெப்பநிலை 19 டிகிரிக்குக் கீழே இறங்கியதாகப் பதிவே இல்லை. மலேசியாவின் கெந்திங், கேமரன் மலைகளில் ஸ்வெட்டர் தேவைப்படும், தண்ணீர் உறையாது.

உறையாமல் இருப்பதற்காகச் சேர்ப்பது பெரும்பாலும் ஆல்கஹால்: மெத்தனால், எத்தனால் அல்லது ஐசோபுரோப்பைல் ஆல்கஹால். மெத்தனால் 65 டிகிரியிலேயே கொதித்துவிடும், மற்றவை 80 டிகிரி வாக்கில். திறந்தவெளிக் கார்பார்க்கில் நண்பகல் வெயிலில் நின்ற காரின் கண்ணாடியில் இதைத் தெளித்தால், வைப்பர் ஒரு வீச்சு போய்த் திரும்புவதற்குள் ஆல்கஹால் ஆவியாகிவிடும். மிஞ்சுவது கோடு கோடாக ஈஷிய கறை. அப்புறம் அந்த நெடி. ஏர்கானுக்குக் காற்று இழுக்கும் துளை முன்கண்ணாடியின் அடியில்தான் இருக்கிறது, ஆகவே நேராக உள்ளே வந்துவிடும்.

மெத்தனால் நச்சு. சுமார் 10 மில்லி தூய மெத்தனால் உள்ளே போனாலே பார்வை பறிபோகலாம். 30 மில்லி உயிருக்கே ஆபத்து. அதனால்தான் ஐரோப்பிய ஒன்றியம் 2018-ல் கொண்டுவந்த விதியில், பொதுமக்களுக்கு விற்கும் வாஷர் திரவத்தில் மெத்தனால் எடையில் 0.6 விழுக்காட்டை எட்டக்கூடாது என்று சொன்னது. பனி பெய்யும் நாடுகளே குறைத்துக்கொள்கிற பொருள் நமக்கு எதற்கு? லேபிளில் மெத்தனால் என்று இருந்தால் அலமாரியிலேயே வைத்துவிட்டு வாருங்கள்.

நீலம், பச்சை, ஆரஞ்சு என்று நிறத்துக்கு ஏதாவது அர்த்தம் உண்டா?

இல்லை, வெறும் சாயம். ஒன்றில் மட்டும் எச்சரிக்கை: எஞ்சினைக் குளிர்விக்கும் கூலண்டும் பச்சை, இளஞ்சிவப்பு, நீலம் என்று வருகிறது. நிறத்தை நம்பாமல் லேபிளைப் படியுங்கள்.

இரவு மழையில் எதிரே வரும் விளக்கு கண்ணாடி முழுக்கச் சிதறித் தெரிகிறது. நல்ல திரவம் வாங்கினால் சரியாகுமா?

என்னிடம் அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான். பெரும்பாலும் பதில் "இல்லை".

அது எண்ணெய்ப் படலம். விரைவுச்சாலையில் முன்னே போகும் டீசல் வண்டிகளின் புகையிலிருந்தும், கார் கழுவுமிடத்தில் போடும் மெழுகிலிருந்தும், சாலையிலிருந்து தெறிப்பதிலிருந்தும் மாதக்கணக்கில் படிந்து, வெயிலில் காய்ந்து, கண்ணாடியோடு ஒட்டிப்போனது. வாஷர் திரவத்துக்கு அதன்மேல் கிடைப்பது சில வினாடிகள்தான். புதிதாகப் படியும் பிசுக்கை அது எடுக்கும். பழைய படலத்தை அசைக்காது.

உங்கள் கண்ணாடியில் படலம் இருக்கிறதா என்று பார்க்க எளிய வழி உண்டு. காரைச் சோப்பு போட்டுக் கழுவிய பிறகு முன்கண்ணாடியில் ஒரு குவளைத் தண்ணீரை ஊற்றுங்கள். விரித்த துணிபோல ஒரே சீராகப் படர்ந்து இறங்கினால் கண்ணாடி சுத்தம். சில இடங்களில் படர்ந்தும் சில இடங்களில் திட்டுத்திட்டாக விலகியும் நின்றால் படலம் இருக்கிறது.

நீக்குவதற்குக் கண்ணாடிக்கென்றே விற்கும் மெருகுப்பசை வேண்டும். கிளாக்கோ போன்ற ஜப்பானியத் தயாரிப்புகள் இங்கே தாராளமாகக் கிடைக்கின்றன. இந்த வகைப் பசைகள் பலவற்றில் சீரியம் ஆக்சைடு என்ற மிக நுண்ணிய தூள் இருக்கும். நிழலில் நிறுத்தி, ஈரமான கண்ணாடியில் கை வலிக்கும்வரை தேய்க்க வேண்டும். பசை விலகி நிற்காமல் கண்ணாடியில் முழுதும் ஒட்டிப் படரத் தொடங்கினால் அந்த இடம் முடிந்தது, அடுத்த இடத்துக்குப் போகலாம். ரப்பர் விளிம்பிலும் பெயிண்ட்டிலும் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அதற்குப் பிறகு போடும் சாதாரணத் திரவமே அந்தச் சுத்தத்தைக் காப்பாற்றும்.

உட்புறத்தையும் ஒருமுறை துடைத்துவிடுங்கள். டேஷ்போர்டு பிளாஸ்டிக்கிலிருந்து வெயிலில் வெளியேறும் ஆவி கண்ணாடியின் உள்பக்கம் மெல்லிய மங்கலாகப் படியும். வெளியே எவ்வளவு பீய்ச்சினாலும் அது போகாது.

மழைநீர் ஒட்டாமல் ஓடவைக்கும் திரவம் நல்லதா? ரெயின்-எக்ஸ் மாதிரி.

விரைவுச்சாலையில் வேகமாகப் போகும்போது அருமையாக இருக்கும். மதியம் இடி மின்னலோடு கொட்டும் மழையிலும், சுமத்ரா பக்கமிருந்து அதிகாலையில் வந்து அடித்துவிட்டுப் போகும் காற்றுமழையிலும், துளிகள் மேல்நோக்கி உருண்டு ஓடுவதைப் பார்க்கவே நன்றாக இருக்கும். சாலைச் சந்திப்புகளில் நின்று நின்று போகும்போது அவ்வளவு பயன் கிடையாது. காற்று தள்ளாவிட்டால் துளிகள் அங்கேயே உட்கார்ந்திருக்கும்.

சிக்கல்கள் இரண்டு. கண்ணாடி முழுக்கச் சுத்தமாக இல்லாமல் இதைப் போட்டால் எண்ணெய்ப் படலத்தின் மேல் இன்னொரு படலம் சேரும். வைப்பர் தடதடவென்று குதிக்கத் தொடங்கும். இரண்டாவது, தொட்டியில் மிச்சமிருக்கும் சாதாரணத் திரவத்தோடு இது கலந்தால், சில வகைகளின் வேதிப்பொருள்கள் ஒன்றோடொன்று சேர்ந்து கூழாகிவிடும். அந்தக் கூழ் வடிகட்டியையும் குழாய் முனையையும் அடைக்கும். மாற்ற விரும்பினால் தொட்டியைக் காலியாக்கி, தண்ணீரால் அலசிவிட்டு ஊற்றுங்கள்.

என் கருத்தைக் கேட்டால், நீர்விலக்கு வேண்டும் என்பவர்கள் அதைக் கையால் கண்ணாடியில் பூசிக்கொள்வது மேல். தொட்டியில் சாதாரணத் திரவமே இருக்கட்டும். கையால் பூசியது அதிக நாள் நிற்கும்.

பாத்திரம் துலக்கும் திரவத்தில் நாலு சொட்டு விட்டால் என்ன?

நுரை. கண்ணாடியில் பொங்கி, பானெட்டில் வழிந்து, வெயிலில் காய்ந்து வெள்ளைக் கோடாக நிற்கும். அவற்றில் கெட்டித்தன்மைக்காக உப்பும் சேர்ப்பதுண்டு. அது தொட்டியிலும் பம்பிலும் தேவையில்லாத சமாச்சாரம். அவசரத்துக்கு ஒருமுறை ஊற்றியிருந்தால் ஒன்றும் ஆகாது. பழக்கமாக வேண்டாம்.

வீட்டுக் கண்ணாடி துடைக்கும் நீலத் திரவம்? வினிகர்?

முதலாவதில் பல வகைகளில் அம்மோனியா இருக்கும். ரப்பருக்கும் பெயிண்ட் மேலிருக்கும் மெழுகுக்கும் அது ஆகாது, உள்பக்கம் ஒட்டியிருக்கும் டின்ட் படலத்தையும் கெடுக்கும். வினிகர் அமிலம், கூடவே வாடை. இரண்டும் வேண்டாம்.

நேரடியாக ஊற்றுவது, அடர் திரவம், மாத்திரை: இவற்றில் எது லாபம்?

அடர் திரவமும் மாத்திரையும்தான் லாபம். தயாராகக் கலந்த பெரிய கேனில் நீங்கள் சுமந்து வருவதில் பெரும்பகுதி தண்ணீர். லிஃப்ட் நிற்காத மாடியில் வீடு இருப்பவர்களுக்கு இது புரியும்.

அளவு மட்டும் கவனம். பாட்டிலில் 1-க்கு 50 என்று இருந்தால், 2 லிட்டர்த் தண்ணீருக்குச் சுமார் 40 மில்லி. கூட ஊற்றினால் கூட சுத்தமாகும் என்பதில்லை; கறைதான் கூடும். மாத்திரையைத் தொட்டிக்குள் நேராகப் போடாமல், ஒரு பாட்டில் தண்ணீரில் முழுவதும் கரைத்துவிட்டு ஊற்றுங்கள். அரைகுறையாகக் கரைந்த துகள் அடியில் போய்ப் பம்பின் வடிகட்டியில் உட்கார்ந்துகொள்ளும்.

எந்தத் தண்ணீரில் கலப்பது? ஏர்கானிலிருந்து சொட்டும் தண்ணீர் தூய்மையானதாமே?

நம் குழாய்த் தண்ணீரே போதும். கெட்டில் அடியில் சுண்ணாம்பு கனமாகப் படிகிற அளவுக்குக் கடினமான நீர் அல்ல. காய்ச்சிவடித்த நீர் வாங்கினால் தவறில்லை, அவசியமும் இல்லை. ஏர்கான் தண்ணீரில் உப்புகள் குறைவு என்பது உண்மை. ஆனால் அது வழிந்து வரும் தட்டில் பாசியும் பூஞ்சையும் தூசியும் இருக்கும். அதைத் தொட்டியில் ஊற்றுவது, கிருமியைத் தவிர்க்கத் திரவம் வாங்குவதற்கே எதிரானது. இன்னொன்று: அதைப் பிடிக்க வாளி வைத்துவிட்டு மறந்தால் ஏடிஸ் கொசுதான் முதலில் பயன்படுத்திக்கொள்ளும்.

பள்ளி விடுமுறைக்கு மலேசியா ஓட்டிக்கொண்டு போகிறோம். தனியாக ஏதும் வேண்டுமா?

பூச்சிக் கறை நீக்கும் வகை இங்கேதான் பணத்துக்கு மதிப்பு. உட்லண்ட்ஸ் அல்லது துவாஸ் சோதனைச்சாவடியைத் தாண்டி வடக்கு தெற்கு நெடுஞ்சாலையில் அந்தி நேரத்தில் ஓட்டினால், ஈப்போ போய்ச் சேருவதற்குள் கண்ணாடி பூச்சிகளால் புள்ளி புள்ளியாகிவிடும். பூச்சியின் உடலில் இருப்பது புரதம். காய்ந்தால் பசைபோல ஒட்டும். காய்வதற்கு முன் தெளிப்பதுதான் வழி. காய்ந்துவிட்டால் வைப்பரால் திரும்பத் திரும்பத் தேய்க்காதீர்கள், ரப்பர்தான் தேயும். ஓய்வுப் பகுதியில் நிறுத்தி, ஈரத்துணியை இரண்டு நிமிடம் மேலே போட்டு ஊறவைத்துத் துடையுங்கள்.

பெட்ரோல் நிலைய வாளியில் இருக்கும் பஞ்சுக்கட்டையை நான் தொடுவதில்லை. உங்களுக்கு முன்னால் வந்த லாரிக்காரர் அதில் எதைத் துடைத்தார் என்று தெரியாது. ஒரு மணல்துகள் போதும் கண்ணாடியில் கீறல் விழ.

கிளம்புமுன் தொட்டியை நிரப்பிக்கொள்ளுங்கள். கலந்த திரவம் ஒரு பாட்டில் காரின் பின்பெட்டியில் இருக்கட்டும்.

எங்கள் புளோக்கில் காரை மரத்தடியில்தான் நிறுத்த வேண்டியிருக்கிறது. பிசினும் பறவை எச்சமும் போகவே மாட்டேன் என்கிறது.

தூங்குமூஞ்சி மரம் நிழல் தரும், கூடவே பூ, பிசின், மைனாக் கூட்டம் எல்லாம் தரும். எச்சத்தை வைப்பரால் துடைக்க முயலாதீர்கள். அதில் இருக்கும் மண்ணும் விதையும் ரப்பருக்கடியில் மாட்டிக் கண்ணாடியைக் கீறும். முதலில் தண்ணீர் ஊற்றி ஊறவைத்து, ஈரத்தாளால் எடுத்துவிட்டு, பிறகு வாஷர் போடுங்கள். பிசினுக்கு வாஷர் திரவம் எதுவும் போதாது. ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலைத் துணியில் நனைத்துக் கண்ணாடியில் மட்டும் தேய்த்தால் வந்துவிடும்.

புகைமூட்டக் காலத்தில்?

2013 ஜூன் மாதம் காற்றுத்தூய்மைக்கேட்டுக் குறியீடு 401-ஐத் தொட்ட நாள்கள் நினைவிருக்கும். அப்போது கண்ணாடியில் படிவது நுண்ணிய சாம்பல். காய்ந்த கண்ணாடியில் வைப்பரை ஓட்டாமல், முதலில் தாராளமாகத் தெளியுங்கள்.

திரவத்தை எங்கே ஊற்றுவது? எவ்வளவு பிடிக்கும்?

பானெட்டைத் திறந்தால், கண்ணாடியும் அதன்மேல் நீர் பீய்ச்சும் படமும் போட்ட மூடி இருக்கும். பெரும்பாலும் நீலம் அல்லது கறுப்பு. காருக்கேற்ப 2 முதல் 5 லிட்டர் வரை பிடிக்கும். மின்கார்களிலும் இதே ஏற்பாடுதான். எஞ்சின் இல்லை என்பதால் வைப்பர் தண்ணீர் வேண்டாம் என்று ஆகிவிடாது.

தவறுதலாகக் கூலண்ட் தொட்டியில் ஊற்றிவிட்டேன்!

எஞ்சினை முடுக்காதீர்கள். முடுக்காமல் இருந்தால் அந்தச் சிறு தொட்டியை மட்டும் காலிசெய்து சரிப்படுத்த வாய்ப்பு உண்டு. ஓட்டிவிட்டால் முழுச் சுற்றையும் அலசிப் புதுக் கூலண்ட் போட வேண்டிவரும். சின் மிங், ஊபி, காக்கி புக்கிட் பக்கம் எந்த வொர்க்‌ஷாப்பிலும் செய்துகொடுப்பார்கள். மாறாகக் கூலண்டை வாஷர் தொட்டியில் ஊற்றியிருந்தால், அது கண்ணாடியில் எண்ணெய்போல ஈஷிப் பார்வையை மறைக்கும். தெளிக்காமல், தொட்டியைக் காலிசெய்து நன்றாக அலசுங்கள்.

திரவம் இருக்கிறது, ஆனால் தெளிக்க மாட்டேன் என்கிறது.

நெம்புகோலை இழுக்கும்போது மோட்டார் முனகும் சத்தம் கேட்கிறதா என்று கவனியுங்கள். கேட்டால் முனையில் அடைப்பு, அல்லது குழாய் கழன்றிருக்கிறது. மெல்லிய ஊசியால் முனைத் துளையை மெதுவாகக் குத்திவிடலாம். விசிறிபோலத் தெளிக்கும் வகையில் அந்தத் துளை எளிதில் சிதையும், அதில் ஊசி வேண்டாம். சத்தமே இல்லையென்றால் ஃபியூஸ், அதற்கடுத்துப் பம்ப். காலித் தொட்டியில் தொடர்ந்து இழுத்துக்கொண்டிருந்தால் பம்ப் சூடேறிப் போய்விடும்.

கார் 3 ஆண்டைக் கடந்ததும் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறையும், 10 ஆண்டு தாண்டினால் ஆண்டுதோறும் கட்டாயப் பரிசோதனைக்குப் போக வேண்டும். போகுமுன் வைப்பரையும் வாஷரையும் நீங்களே ஒருமுறை இயக்கிப் பார்த்துவிடுங்கள்.

நல்ல திரவம் போட்டும் கோடு விழுகிறது.

ரப்பரை மாற்றுங்கள். நம் வெயிலில் வைப்பர் ரப்பர் ஆறு மாதத்திலிருந்து ஓராண்டுக்குள் இறுகிவிடும். பத்தில் ஒன்பது புகார் திரவத்தின் மேல் வந்தாலும் குற்றவாளி ரப்பர்தான் என்பது என் எண்ணம்.

எங்கே வாங்குவது?

பெட்ரோல் நிலையக் கடைகளில் கிடைக்கும், விலை கொஞ்சம் கூடுதல். பேரங்காடிகளிலும் முஸ்தபாவின் கார்ச் சாமான் பகுதியிலும் தேர்வு அதிகம். இணையத்தில் அடர் திரவமும் மாத்திரையும் மலிவு, ஆனால் உள்ளடக்கப் பட்டியல் தெரியாத பாட்டிலை வாங்காதீர்கள்.

குழந்தை இதைக் குடித்துவிட்டால்?

வாந்தி எடுக்கவைக்க முயலாமல் உடனே ஆம்புலன்ஸுக்கு 995-ஐ அழையுங்கள், பாட்டிலையும் மருத்துவமனைக்கு எடுத்துப் போங்கள். மெத்தனால் இருந்தால் முதல் சில மணி நேரம் குழந்தை சாதாரணமாகவே தெரியலாம்; அதை நம்பிக் காத்திருக்கக் கூடாது. மிச்சத் திரவத்தைக் குடிநீர் பாட்டிலில் ஊற்றி வைக்கும் பழக்கம் பல வீடுகளில் இருக்கிறது. நீல நிறத்தில், இனிப்பு பானம்போலத் தெரியும். அதன் சொந்த பாட்டிலிலேயே, கைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள்.

பழைய திரவத்தைக் கார்பார்க் வடிகாலில் கொட்டலாமா?

கூடாது. சிங்கப்பூர் நிலப்பரப்பில் மூன்றில் இரண்டு பங்கு நீர்ப்பிடிப்புப் பகுதி. கார்பார்க் ஓரத்து வடிகாலில் போவது மழைநீரோடு சேர்ந்து நீர்த்தேக்கத்துக்கே போகும். வாளியில் பிடித்து, வீட்டுக்குக் கொண்டுவந்து, நிறையத் தண்ணீர் விட்டுக் கழிவறையில் ஊற்றுங்கள். அது கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போய்விடும். கூலண்ட் கலந்திருந்தால் மட்டும் வீட்டில் கொட்ட வேண்டாம், வொர்க்‌ஷாப்பில் கொடுத்துவிடுங்கள்.